வீட்டு வானோடு ஒரு படகு: மலையக வீதிகளுக்கு எது பொருந்தும்?

டிக்கோயா வாசி

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் ஒரு பழைய டொல்பின் வான் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அதன் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, மடிக்கக்கூடிய கட்டில், காஸ் அடுப்பு, 60 லீற்றர் தண்ணீர்த் தாங்கி, கூரையில் ஒரு சோலார் பனல் என்று சிறிது சிறிதாக அதை எங்கள் இருவருக்கும் மகளுக்கும் வீடாக்கினோம். நானும் மனைவியும் ஆசிரியர்கள் என்பதால் ஏப்ரல், ஆகஸ்ட், டிசெம்பர் விடுமுறைகளில்தான் எங்கள் பயணங்கள் அமைகின்றன. ஆகஸ்டில் தென்மேல் பருவமழை டிக்கோயாவை நனைத்துக்கொண்டிருக்கும்போது நாங்கள் பதுளை, மொனராகலை வழியாகக் கிழக்கே இறங்கிவிடுவோம். டிசெம்பரில் கிழக்கில் மழை பிடிக்கும்போது மேற்குப் பக்கமாகப் போவோம். எங்கே போனாலும் மாலையில் வானை நிறுத்துவது ஏதாவது ஒரு குளத்தின், களப்பின் அல்லது நீர்த்தேக்கத்தின் கரையாகவே இருக்கிறது. கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியே இத்தனை ஆண்டுகள் போய்விட்டன.

இப்போது நீர்கொழும்பில் ஒருவர், 14 அடி ஃபைபர் படகு ஒன்றை பின்புறத்தில் மாட்டும் 15 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரத்தோடும், படகை ஏற்றி இழுக்கும் இழுவைப்பெட்டியோடும் (ட்ரெய்லர்) விற்க முன்வந்திருக்கிறார். விலை எங்களுக்குக் கட்டுப்படியாகும். வானின் பின்னால் கொக்கி பொருத்தி இழுத்துக்கொண்டு திரியலாம் என்பது என் எண்ணம்.

இன்னொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா பழைய மஸ்கெலியா நகரில் பிறந்தவர். 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் அமைந்து அந்த நகரம் நீருக்குள் போனபோது அவருக்குப் பதினெட்டு வயது. வறட்சிக் காலத்தில் நீர்மட்டம் இறங்கி, பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தெரியும்போதெல்லாம் அவர் கரைக்குப் போய் நிற்பார். ஒரு முறையாவது அவரைத் தண்ணீரின் மேல் அழைத்துப்போக வேண்டும் என்று விரும்புகிறேன். படகு வைத்திருப்பவர்களும் இழுத்துப் பழகியவர்களும் தங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

றம்பொடைச் சாரதி

தம்பி, நான் கம்பளைக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் இருபது வருடங்களுக்கு மேலாக வாகனம் ஓட்டுகிறவன். தண்ணீரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. வீதியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் சொல்லும் படகின் உடல் எப்படியும் 150 கிலோவுக்கு மேல் வரும். இயந்திரம் 36 கிலோ அளவில் இருக்கும். 25 லீற்றர் பெற்றோல் ஏறக்குறைய 19 கிலோ. இழுவைப்பெட்டியின் இரும்புச் சட்டத்தையும் கயிறு, நங்கூரம், உயிர்காப்பு அங்கிகளையும் சேர்த்தால் 400 கிலோவை எட்டிவிடும். சமதரையில் இது ஒரு பாரமே இல்லை. நீர்கொழும்பிலிருந்து அவிசாவளை வரை பின்னால் ஒன்று வருகிறது என்பதையே மறந்துவிடுவீர்கள். கினிகத்தேனை ஏற்றத்தில் அது நினைவுக்கு வரும். இறக்கத்தில்தான் அதன் உண்மையான குணம் தெரியும். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு 60 கிலோமீற்றருக்குள் ஏறக்குறைய 1,400 மீற்றர் இறங்க வேண்டும். சிறிய இழுவைப்பெட்டிகளுக்குத் தனியாகப் பிரேக் இருப்பதில்லை. ஆகவே அந்த 400 கிலோவையும் உங்கள் வானின் பிரேக்கே தாங்க வேண்டும்.

நண்பர் ஒருவரின் படகை நான் ஒரு முறை நுவரெலியாவிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தேன். இரண்டாம் கியரில்தான் வந்தேன். ஆனாலும் றம்பொடை நீர்வீழ்ச்சிக்கு மேலே உள்ள வளைவில் ஒரு பஸ் நடு வீதியில் எதிரே வந்தது. நான் நிறுத்தினேன், பின்னால் இருந்தது நிற்கவில்லை. ஈர வீதியில் வானின் பின்பக்கத்தைத் தேயிலைப் பக்கமாக ஒரு முழம் தள்ளிவிட்டுத்தான் நின்றது. பிறகு பஸ் போக இடம் விடுவதற்காக அந்த வளைவிலேயே பின்னோக்கி எடுக்க வேண்டியிருந்தது. இழுவைப்பெட்டியோடு பின்னோக்கி எடுக்கும்போது ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ, அதற்கு எதிர்ப்பக்கம் பெட்டி போகும். சமதரை மைதானத்தில் பழகாமல் மலையில் அதைச் செய்யவே கூடாது.

இன்னொன்று, சக்கரப் பெயாரிங். நீண்ட இறக்கத்துக்குப் பிறகு அது கொதித்துக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டோடு குளிர்ந்த நீருக்குள் இழுவைப்பெட்டியை இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், கிறீஸ் கெட்டுவிடும். அடுத்த பயணத்தில் நடு வீதியில் சக்கரம் இறுகும். கரைக்கு வந்ததும் தேநீர் குடியுங்கள். சக்கரத்தின் நடுக்குடத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடு ஆறிய பிறகே நீரில் இறக்குங்கள்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு கொக்கியில் அமரும்படி படகை முன்னே நகர்த்திக் கட்டுங்கள். பின்பாரம் கூடினால் பெட்டி பாம்பு போல ஆடத் தொடங்கும். இழுவைப்பெட்டியின் பதிவையும் உங்கள் அனுமதிப்பத்திரம் அதற்குச் செல்லுபடியாகுமா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்னர் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

ஊவாச் சாரல்

அண்ணன், நான் பண்டாரவளையில் இருக்கிறேன். எங்களுடையதும் வீடாக்கிய வான்தான். நாங்கள் இரண்டு ஆண்டுகளாக ஊதுபடகு ஒன்றை வைத்திருக்கிறோம், நீளம் 3.3 மீற்றர், தரைக்குப் பலகை போட்டது. மடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். றம்பொடைச் சாரதி ஐயா சொன்ன எந்தப் பயமும் இதில் இல்லை. பெரகலையிலிருந்து வெல்லவாய்க்கு இறங்கும்போது பின்னால் எதுவும் தள்ளுவதில்லை; வழியில் ஓர் ஒற்றையடிப் பாதை பிரிந்து குளத்துக்குப் போனால் வானைத் திருப்ப இடம் இருக்குமா என்று யோசிக்க வேண்டியதுமில்லை.

ஆனால் ஊதுபடகின் தொல்லைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். காலால் மிதிக்கும் பம்பினால் காற்றடிக்க எங்களுக்குப் பதினைந்து நிமிடம் பிடிக்கிறது. அதைவிடப் பெரிய வேலை உலர்த்துவது. ஈரத்தோடு மடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தால், மறுநாள் காலையில் மெத்தையிலிருந்து போர்வை வரை பூஞ்சண வாடை ஏறிவிடும். நம் மலைப்பக்கத்து மூடுபனியில் எதுவும் தானாக உலராது என்பது உங்களுக்குத் தெரியும். நான் பழைய கைலி இரண்டை அதற்கென்றே வைத்திருக்கிறேன். குழாய்களுக்கும் தரைக்கும் இடையில் உள்ள மடிப்பில் விரலை விட்டு, துணியை உள்ளே தள்ளித் துடைக்க வேண்டும். மணலும் அங்கேதான் தங்கும். விட்டுவிட்டால் ஒவ்வொரு பயணத்திலும் ரப்பரை அரம்போலத் தேய்த்துக்கொண்டேயிருக்கும்.

தோட்டத்து ஓரமாக உள்ள நீர்த்தேக்கக் கரைகளில் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டைகளைக் கவனியுங்கள். நீர்மட்டம் ஏறியிருக்கும்போது அவை கண்ணுக்குத் தெரியாது. கவ்வாத்துக் கத்தி சாய்வாக வெட்டிய முனை, படகின் அடிப்பக்கத்தைக் கத்தரிபோலக் கிழித்துவிடும். எங்களுக்கு ஒரு முறை கரையிலிருந்து பத்தடி தூரத்தில் அப்படி நடந்தது. மூன்று காற்றறைகளில் ஒன்று மட்டுமே போனதால் துடுப்புப் போட்டுத் திரும்பிவிட்டோம். ஒரே அறை கொண்ட மலிவான படகை வாங்கவே வாங்காதீர்கள்.

காற்றடித்த படகை வானின் கூரையில் கட்டிக்கொண்டு மலை ஏறவும் கூடாது. மட்டக்களப்பில் இறுக்கமாகக் காற்றடித்துவிட்டு நுவரெலியாவுக்கு வந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் படகுக்குள் இருக்கும் அழுத்தம் வெளியோடு ஒப்பிடுகையில் மேலும் 0.2 பார் (காற்றழுத்த அலகு) அளவுக்குக் கூடிவிடும். இத்தகைய படகுகளுக்கு அடிப்பதே 0.25 பார் அளவில்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். மேலே உள்ள குளிர் அதைச் சற்றுக் குறைக்கும். ஆனாலும் தையல் பிரிய அது போதும்.

டிக்கோயா வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்ன அந்த ஒரு முழத்தைப் படித்துவிட்டு மனைவி, நீர்கொழும்புக்கு முற்பணம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் ஊதுபடகில் இயந்திரம் பூட்டலாமா? அப்பாவை வைத்துக்கொண்டு துடுப்பை மட்டும் நம்பிப் போக எனக்குத் துணிவில்லை.

நோர்வூட் கராஜ்

பூட்டலாம். படகின் பின்பக்கத்தில் கடினமான பலகை இருந்தால், அது தாங்கக்கூடிய வலுவைப் படகின் தகட்டில் குறித்திருப்பார்கள். அந்த அளவைத் தாண்டக் கூடாது.

பெற்றோல் இயந்திரம் வாங்குபவர்கள் உயரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை என்பதை நான் இங்கே அடிக்கடி பார்க்கிறேன். ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஏறக்குறைய மூன்று வீதம் வலு குறையும் என்பது பொதுவான கணக்கு. காசல்ரீ நீர்த்தேக்கம் ஏறக்குறைய 1,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா கிரகெரி வாவி 1,870 மீற்றர் அளவில் இருக்கிறது. கடற்கரையில் 15 குதிரைவலு தரும் இயந்திரம் காசல்ரீயில் பதின்மூன்றரைக்கும் கிரகெரியில் பன்னிரண்டரைக்கும் கீழே வந்துவிடும். காற்று மெலிவதால் காபரேட்டர் கொடுக்கும் பெற்றோல் கூடிப்போய், புகை தள்ளும், பிளக் கறுக்கும். நீர்கொழும்பில் நன்றாக ஓடியது இங்கே ஏன் இழுக்கவில்லை என்று கேட்டு வருகிறார்கள். இயந்திரத்தில் குறையில்லை, சுழல்விசிறியை இலைச் சாய்வு குறைந்ததாக மாற்றி, காபரேட்டரில் பெற்றோல் வரும் துளையான ஜெற்றைச் சிறிதாக்கினால் போதும். பிறகு கிழக்குக்கு இறங்கும்போது மறக்காமல் பழையபடி மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓடினால் பெற்றோல் பற்றாமல் இயந்திரம் சூடேறிப் பழுதாகும்.

மலையும் கடலும் என்று இரண்டு பக்கமும் போகிற உங்களுக்கு மின்மோட்டார்தான் பொருத்தம் என்பது என் கருத்து. அதற்கு உயரம் பொருட்டில்லை. பெற்றோல் கலனை நீங்கள் தூங்கும் வானுக்குள் வைக்க வேண்டியதில்லை. இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். காஸ் அடுப்பு எரியும் அறையில் பெற்றோல் ஆவி இருக்கவே கூடாது. 55 இறாத்தல் உந்துவிசையுள்ள 12 வோல்ட் மோட்டார், முழு வேகத்தில் 50 அம்பியர் வரை எடுக்கும். வானில் இருக்கும் 100 அம்பியர்-மணி ஈய பற்றரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம் என்பதால், முழு வேகத்தில் ஒரு மணித்தியாலம் ஓடும். பாதி வேகத்தில் அதைப்போல இரு மடங்குக்கு மேல் ஓடும். லித்தியம் பற்றரி என்றால் எடையும் குறையும், நேரமும் கூடும். விலைதான் கையைக் கடிக்கும். இரவில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் அதே பற்றரியை நம்பியிருந்தால், மூடுபனி நாளில் சோலார் பனல் அதை மறுபடி நிரப்பாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்புத்தளைக் காற்று

எனக்கு ஓர் அடிப்படைக் கேள்வி இருக்கிறது. ஆண்டுக்கு மூன்று விடுமுறை, ஒவ்வொன்றிலும் படகு இறக்கக்கூடிய நாட்கள் ஐந்தோ ஆறோ. அதற்காக ஒரு படகைச் சொந்தமாக வாங்கி, ஆண்டு முழுவதும் பாதுகாத்து, வானில் இருக்கும் கொஞ்ச இடத்தையும் அதற்குக் கொடுக்க வேண்டுமா? கிரகெரி வாவியில் வாடகைப் படகு இருக்கிறது. இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்துக்குப் போனால், வனசீவராசிகள் திணைக்களத்தின் ஏற்பாட்டில் படகில் போய், தீவிலிருந்து தீவுக்கு நீந்தும் யானைகளைக்கூடப் பார்க்கலாம். மட்டக்களப்புக் களப்பில் மீனவர்களிடம் பேசினால் அழைத்துப்போகிறார்கள்; அவர்களுக்கும் அது ஒரு வருமானம். நாங்கள் ஐந்து ஆண்டுகளாக வானில் திரிகிறோம். படகு இல்லாததை ஒரு குறையாக நான் உணர்ந்ததே இல்லை.

ஊவாச் சாரல்

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. காசுக் கணக்குப் பார்த்தால் வாடகைதான் வெல்லும். ஆனால் வாடகைப் படகு ஒன்பது மணிக்குத்தான் வரும். வெயில் ஏறிய பிறகு அரை மணித்தியாலம் சுற்றிக் காட்டிவிட்டு இறக்கிவிடும். எங்கள் மகன் துடுப்புப் போடப் பழகியதும், ஒரு நீர்க்காகம் மூழ்கி எங்கே எழும் என்று நாங்கள் மூவரும் பேசாமல் காத்திருந்ததும் காலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடையில்தான். வானின் கதவைத் திறந்தால் காலடியில் தண்ணீரும் படகும் இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே வீட்டையே சக்கரத்தில் ஏற்றினோம்? ஆண்டுக்குப் பதினைந்து நாள் என்றாலும் எனக்கு அது போதும்.

டொரொண்டோ மலையகத்தான்

நான் பொகவந்தலாவையில் பிறந்தவன். இப்போது கனடாவில் இருக்கிறேன். இங்கே வீட்டு வாகனத்தோடு படகையும் இழுத்துச் செல்வது மிகச் சாதாரணம். ஆகவே இணையத்தில் நீங்கள் பார்க்கும் காட்சிகள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தவை. அவற்றை வைத்து மலையகத்துக்கு முடிவெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன்.

இங்கே இழுப்பது எளிதாக இருப்பதற்குக் காரணம் வாகனம் மட்டும் இல்லை. எத்தனையோ ஏரிகளில் பொதுமக்களுக்கென்று கொங்கிறீற் சரிவுத்தளம் கட்டியிருக்கிறார்கள். வாகனத்தைப் பின்னோக்கி எடுத்து, இழுவைப்பெட்டியை நீரில் அமிழ்த்தினால் படகு தானாக மிதக்கும். காசல்ரீக் கரையில் எனக்கு நினைவிருப்பது சிவப்புக் களிமண் சரிவுதான். நீர் இறங்கிய மாதங்களில் வீதிக்கும் தண்ணீருக்கும் இடையில் அந்தக் களிமண் விரிந்து கிடக்கும். அதில் 400 கிலோ இழுவைப்பெட்டியை இறக்கினால் வானும் சேர்ந்து புதையும். இரண்டு பேர் தூக்கக்கூடியதுதான் அங்கே படகு.

கனடாவில் இயந்திரப் படகு ஓட்டுபவர் தகுதிச் சான்று வைத்திருக்க வேண்டும். 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள இயந்திரம் பூட்டினால் படகுக்கும் உரிம எண் வேண்டும். நானும் முதலில் இழுவைப் படகுதான் வைத்திருந்தேன். படகோடு போனால் தங்குமிடத்தில் இரட்டை இடம் வேண்டும். நகரத்துக்குள் நிறுத்த முடியாது. எந்த ஊருக்குப் போவது என்பதைப் படகே தீர்மானிக்கத் தொடங்கியது. மூன்றாம் கோடையில் விற்றுவிட்டு ஊதுபடகுக்கு மாறினேன்.

ஒரு வேண்டுகோள். 1988இல் இங்குள்ள சென் கிளயர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்ட வரிச்சிப்பி, பின்னர் படகுகளில் ஒட்டிக்கொண்டே ஏரிக்கு ஏரி பரவியது. அதனால் ஒரு நீரிலிருந்து இன்னொரு நீருக்குப் போகுமுன் படகைக் கழுவி, நீரை வடித்து, உலர்த்த வேண்டும் என்று இங்கே பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். இலங்கைக்கு 1905இல் வந்த ஆற்றுவாழையும் 1939இல் வந்த சல்வீனியாவும் ஆகிய மிதக்கும் நீர்க்களைகள் கீழ்நாட்டுக் குளங்களை என்ன செய்தன என்பது உங்களுக்குத் தெரியும். சல்வீனியாவின் ஒரு சிறு துண்டு போதும்; முளைத்துவிடும். கிழக்குக் குளத்திலிருந்து அதை மடிப்புக்குள் வைத்து மலைக்கு ஏற்றிவிடாதீர்கள். சகோதரி சொன்ன கைலித் துணியால் துடைக்கும் வேலை, பூஞ்சணத்துக்காக மட்டும் இல்லாமல் இதற்காகவும் கட்டாயம்.

காசல்ரீக் கரையோரம்

இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் பேசும் இந்த நீர்த்தேக்கங்கள் இயற்கை ஏரிகள் இல்லை. காசல்ரீயின் நீர் விமலசுரேந்திர மின்நிலையத்துக்கும் மவுசாகலையின் நீர் கெனியோன் மின்நிலையத்துக்கும் போகிறது. இவை மின்சாரத் துறையின் பொறுப்பில் இருப்பவை. கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகலை போன்றவை மகாவலி அதிகார சபையின் கீழ் வருபவை. ஆகவே சொந்தப் படகு கையில் இருக்கிறது என்பதற்காக எங்கும் இறக்கிவிட முடியாது. முதலில் அனுமதி கேட்க வேண்டும். நான் அனுமதி கேட்டுப் போன ஓர் அலுவலகத்தில், இது எங்கள் வேலை இல்லை என்று வேறோர் இடத்துக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து மீண்டும் முதல் இடத்துக்கே அனுப்பினார்கள். மூன்று நாள் சம்பளம் போனது. ஆகவே படகின் அளவு, மோட்டாரின் வலு, இறக்கும் இடம், நாள், நேரம், செல்பவர்களின் பெயர் ஆகியவற்றைக் கடிதமாக எழுதி, ஒரு பிரதியில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சை நம்பிப் போக வேண்டாம்.

அணைக்கட்டுக்கும் நீர் உள்வாங்கும் இடத்துக்கும் அருகே போகவே கூடாது. மேல் கொத்மலை போன்ற சிறிய தேக்கங்களில் மின் உற்பத்திக்கு ஏற்ப நீர்மட்டம் ஒரே நாளில் ஏறி இறங்கும். மழை பலத்தால் வான்கதவுகள் திறக்கும். அத்தகைய இடங்களைப் படகுக்கு நினைக்கவே வேண்டாம். காசல்ரீயில் காலையில் கண்ணாடிபோல இருக்கும் நீர், பிற்பகலில் பள்ளத்தாக்குக் காற்று எழுந்தால் நுரை தள்ளும். ஊதுபடகு எடை குறைந்தது; காற்று அதைச் சருகுபோலத் தள்ளிக்கொண்டு போகும். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபரிலும் பிற்பகல் இடிமழை வழமை. பதினொரு மணிக்குள் கரைக்கு வந்துவிடுங்கள்.

தோட்டத்தில் வளர்ந்த நம்மில் பலருக்கு நீந்தத் தெரியாது. குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தால், நீந்தத் தெரிந்தவருக்கே முதலில் மூச்சுத் திணறும். உயிர்காப்பு அங்கியைப் படகில் வைத்திருந்து பயனில்லை. கரையிலேயே அணிந்து, கொளுவிகளை மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை எழும்பி வந்தால் அது அளவில்லாத அங்கி. உங்கள் மகளுக்கும் தந்தைக்கும் தனித்தனி அளவில் வாங்குங்கள்.

டிக்கோயா வாசி

இந்த இழையைத் தொடங்கி ஐந்து மாதங்களுக்குப் பின் எழுதுகிறேன். ஃபைபர் படகை வாங்கவில்லை. மூன்று காற்றறைகளும் பலகைத் தரையும் கொண்ட, ஒருவர் பாவித்த ஊதுபடகையும் ஒரு மின்மோட்டாரையும் வாங்கினோம். வானின் பற்றரியைத் தொடாமல், மோட்டாருக்கென்று தனியாக ஒன்று வைத்திருக்கிறோம். பள்ளி மைதானத்தில் இரண்டு முறை காற்றடித்துப் பழகினோம். மகள் இப்போது பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறாள்.

மவுசாகலையில் படகை இறக்க அனுமதிக்குக் கடிதம் கொடுத்து, அது கிடைக்க ஏழு வாரங்கள் ஆயின. ஏப்ரல் விடுமுறையில், காலை ஆறரை மணிக்கு, அந்த நீரை நன்கு அறிந்த மீனவர் ஒருவரின் வள்ளம் முன்னே போக, நாங்கள் பின்னே போனோம். படகு வாங்கியும் ஏன் இன்னொருவரைக் கூட்டிப் போனீர்கள் என்று கேட்காதீர்கள். மூழ்கிய சுவர்கள் எங்கே இருக்கின்றன என்பது அவருக்குத்தான் தெரியும். நீர் நன்றாக இறங்கியிருந்தது. கோயிலின் பக்கமாக வந்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டேன். அப்பா அதிகம் பேசவில்லை. இந்தப் பக்கம் பஸ் நிற்கும், அந்தப் பக்கம் உன் கொள்ளுத்தாத்தா மாலையில் தேநீர் குடிக்கும் கடை என்று மகளுக்குக் கையைக் காட்டினார். பிறகு அங்கியின் கையிடுக்கு வழியாகக் கையை நீட்டித் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஒரு செய்தி மற்றவர்களுக்கும் உதவலாம். ஊதுபடகின் தரை தாழ்வானது என்பதால் முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்கு அதில் அமர்ந்து எழுவது கடினம். குறுக்குப் பலகையும் அப்பாவுக்கு உயரம் போதவில்லை. மீன் வைக்கும் பழைய ஐஸ் பெட்டி ஒன்றை நடுவில் வைத்து, தரைப்பலகையின் வளையங்களோடு இரண்டு பட்டிகளால் இறுக்கிக் கட்டி, மேலே மெத்தை போட்டோம். ஏறும்போது ஒருவர் படகை நீருக்குள் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். ஏறுபவர் முதலில் அமர்ந்துவிட்டு, பிறகு காலை உள்ளே எடுக்க வேண்டும். இறங்கும்போது அதையே தலைகீழாகச் செய்தோம்.

ஊவாச் சாரல்

மிகவும் மகிழ்ச்சி, அண்ணன். அந்த ஐஸ் பெட்டியின் அடியில் ரப்பர் விரிப்பைப் போடுங்கள். இல்லாவிட்டால் அதன் மூலை பலகைக்கும் குழாய்க்கும் இடையில் உரசத் தொடங்கும். ஆகஸ்டில் நாங்கள் பொத்துவில் பக்கம் இருப்போம். வந்தால் சொல்லுங்கள்.

டிக்கோயா வாசி

விரிப்பு இன்றே போட்டுவிட்டேன். ஆகஸ்டில் அப்பாவும் வருகிறார்.